இரும்புக் கால் போட்ட பித்தளைப் பானை

தெர்சா அத்தையிடம் நான் முதன்முதலாகப் பேசியது ஒரு பேனாவைப் பிடுங்குவதற்காக. ட்ரூரோ நகர ஆவணக் காப்பகத்தில் நான் வேலைக்குச் சேர்ந்து அப்போது மூன்றாவது வாரம். பழைய ஏடுகள் இருக்கும் அறைக்குள் மை உள்ள எதுவும் வரக்கூடாது, பென்சில் மட்டும்தான். இந்த அம்மாளோ நீல மைப் பேனாவைத் திறந்து கையில் வைத்துக்கொண்டு, 1745ஆம் வருஷத்து உயில் ஒன்றின் மேல் முழங்கையை ஊன்றி உட்கார்ந்திருந்தார்.

"பேனாவக் குடுத்துடுங்கம்மா. பையில தீனி ஏதாச்சும் இருந்தா அதையும்."

ஏற இறங்கப் பார்த்தார். பேனாவைக் கொடுத்தார். கைப்பையைத் திறந்து, காகிதத்தில் சுற்றிய குங்குமப்பூ பன் ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

"இந்தா ராசா. பேனாவப் பூட்டி வை. பன்னப் பூட்டாத, காஞ்சு போயிடும். தின்னுடு."

தின்றேன். மதியம் வாசற்படியில் என்னைப் பிடித்து உட்காரவைத்து விசாரணையை ஆரம்பித்தார். எந்த ஊர், அப்பா என்ன செய்கிறார்? லிசர்ட் பக்கம், அப்பா மாடு கறக்கிறார், மாடு சொந்தமில்லை என்றேன்.

"நீ?"

"பட்டம் வாங்கியிருக்கேன். வரலாறு. எங்க குடும்பத்துலயே நான்தான் முதல் பட்டதாரி."

தேவைக்கு மேல் கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருப்பேன். அந்த நாளில் யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்வேன், கேட்காவிட்டாலும் சொல்வேன். எங்கள் வீட்டில் கணப்புக்கு மேலே நான் கறுப்பு அங்கி போட்ட படம் இருக்கிறது. அதற்குப் பக்கத்திலேயே, கண்காட்சியில் முதல் பரிசு வாங்கிய பசுவின் படம். ரெண்டும் நான் வளர்த்ததுதான் என்பார் அப்பா. இதையும் அத்தையிடம் சொன்னேன். பன் துணுக்கு தெறிக்கச் சிரித்தார். அன்றிலிருந்து நான் அவருக்குக் காலேஜு. எங்கள் பக்கத்தில் வயதில் பெரியவர்களை அத்தை, மாமா என்றுதான் கூப்பிடுவது. அவர் எனக்குத் தெர்சா அத்தை.

தெர்சா செக்விடன். வயது அறுபத்தேழு. மேற்குக் கடலோரத்தில் லான்வெரன் என்ற சிற்றூர். வெள்ளீயச் சுரங்கத்து உணவுக்கூடத்தில் முப்பத்தோரு வருஷம் சமையல். சுரங்கம் மூடிய அன்று அடுப்பை அணைத்துவிட்டு வந்தவர். இறைச்சியும் உருளைக்கிழங்கும் வைத்து மடித்துச் சுடும் பேஸ்ட்டியின் ஒரு மூலையில், தின்கிறவனின் பெயரெழுத்தை மாவிலேயே கிள்ளி ஒட்டுவது எங்கள் வழக்கம். பாதி தின்று வைத்தாலும் யாருடையது என்று தெரியும். நூற்று எண்பது பேருடைய எழுத்தும் அத்தையின் விரலுக்குத் தெரியும். ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"நூத்தியெம்பது ஆம்பளைக்கு ஆக்கிப் போட்டுட்டு, வீட்டுல போயி நூத்தியெம்பத்தியொண்ணாவது ஆளுக்கும் ஆக்கவா?"

செவ்வாயும் வியாழனும் இரண்டு பஸ் மாறி வருவார். வந்த காரியம் அக்காவைப் பற்றியது. கெசாயா, எழுபத்தொன்பது வயது, பென்சான்ஸில் முதியோர் விடுதியில் இருந்தார்.

"அவளுக்குச் சாவப் பத்திப் பயமில்ல காலேஜு. எங்க பொதைப்பாங்கங்கறதுதான். தொள்ளாயிரத்தி முப்பத்தி நாலுல எங்கப்பா செத்தாரு. கோயில் கல்லறைத் தோட்டத்துல தெக்கு மூலையில, யூ மரத்தடியில, செக்விடன் குடும்பத்துக்குன்னு எடம் இருக்கு. எங்களுக்கு இல்லன்னுட்டாங்க. வடக்குச் சொவத்தோரம், கப்பல் ஒடஞ்சு கரையொதுங்கின அநாதப் பொணங்களோட பொதைச்சாங்க. எனக்கு எட்டு வயசு, ஒண்ணும் புரியல. அக்காவுக்கு இருவது. அவ அந்தக் குழியப் பாத்துக்கிட்டே நின்னா. இன்னும் அங்கயேதான் நிக்கிறா."

தெற்கு மூலை ட்ரெனோவர் பண்ணைச் செக்விடன்களுடையது. சட்டப்படி எழுதியதொன்றும் இல்லை, இருநூறு வருஷத்துப் பழக்கம். பண்ணை வீட்டார் தலையாட்டினால்தான் பாதிரியார் அங்கே குழி வெட்டவிடுவார். அன்றைக்கு மறுத்தவர் பண்ணையாரின் அப்பா. இப்போது பண்ணையார் கார்பீல்டு செக்விடன், எழுபது வயது. அவரும் அப்பன் சொன்னதையே சொன்னார்: உங்களுக்குப் பேர் இருக்கு, ரத்தம் இல்லை.

காரணம் ஒரு பெயர். அத்தையின் வம்சத்தைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டு போனால், பக்கத்துக் கோயிலைச் சேர்ந்த பங்கான போல்கரோவில் 1791இல் கல்யாணம் செய்த சகரியா செக்விடன் என்ற சுரங்கக் கூலியோடு நின்றுவிடும். அவர் எங்கே பிறந்தார்? சுற்றுவட்டாரத்தில் அந்தப் பெயரில் ஞானஸ்நானம் பெற்றது ஒரே ஒரு குழந்தை, ட்ரெனோவர் ஹானிபல் செக்விடனின் இளைய மகன், 1742இல். அதே கோயில் பதிவேட்டில் நாலு வருஷம் தள்ளிப் பார்த்தால்: சகரியா, ஹானிபலின் மகன், பெரியம்மையில் இறந்து அடக்கம். செத்த பிள்ளை எப்படிக் கல்யாணம் கட்டும்? அதனால் ஊரில் ஒரு கதை: கப்பற்படையிலிருந்து ஓடிவந்த எவனோ ஒருவன், சாராயக் கடையில் காதில் விழுந்த செத்த பிள்ளையின் பெயரை மாட்டிக்கொண்டான். அத்தை பள்ளிக்கூடம் போன நாளில் பிள்ளைகள் பின்னாலேயே வந்து 'பொணத்துப் பேர்க்காரி' என்று கத்துவார்களாம்.

"கார்பீல்டு என்ன சொல்றான் தெரியுமா? எழுத்துல காட்டு, தெக்கு மூலையில உங்கக்காவுக்கு நானே என் கையால குழி வெட்டுறேங்கறான். நமக்கு முடியாதுங்கற தைரியம்."

நான் எடுத்துக்கொண்டேன். பட்டதாரி இருக்கும்போது சமையற்காரம்மா எதற்குத் தடுமாற வேண்டும்? ஆறு வாரம் பதிவேடுகளையும், செக்விடன் என்ற பெயரில் இருந்த உயில் அத்தனையையும் அலசினேன். ஹானிபலுக்குப் பிள்ளைகள் மூன்று: மூத்தவன் ஜாகோ, அடுத்தவன் சகரியா, கடைசியில் ஆனர் என்ற பெண். ஜாகோ வளர்ந்து பண்ணையை எடுத்துக்கொண்டார். கார்பீல்டின் வம்சம் அவர் வழி. சகரியா நாலு வயதில் போய்விட்டான். பெயருக்கு எதிரே சிலுவைக்குறி போட்டேன். 'மேற்படி சகரியா குழந்தையிலேயே இறந்ததால், 1791இல் மணம் புரிந்தவர் வேறொருவர். இரு குடும்பங்களுக்கும் தொடர்பு இல்லை' என்று தட்டச்சு செய்து, கீழே கையெழுத்தும், கையெழுத்துக்குப் பக்கத்தில் என் பட்டமும் போட்டு நீட்டினேன்.

அத்தை இரண்டு தரம் படித்தார்.

"ஒரு எழுத்துப் பிழை இல்லாம அடிச்சிருக்க. எங்கக்காவ அழகா வடக்குச் சொவத்துக்கே அனுப்பி வெச்சிட்ட."

அதற்குப் பிறகு இரண்டு வாரம் வரவில்லை. செவ்வாய்க்கிழமை வந்தால் கதவைப் பார்ப்பேன்.

மூன்றாவது வாரம் மழையில் நனைந்த குடையோடு வந்து நின்றார். அக்காவுக்கு நெஞ்சுச் சளி, டாக்டர் உதட்டைப் பிதுக்குகிறார் என்றார். பிறகு, "அந்த ஹானிபல் செத்தப்ப வீட்டுச் சாமான எழுதின பட்டியல் இருக்கில்ல, அத எடு" என்றார்.

அக்காலத்தில் ஒருவன் இறந்தால் அண்டைவீட்டார் இரண்டு பேர் அறை அறையாகப் போய்க் கண்ணில் பட்டதையெல்லாம் எழுதி உயிலோடு சேர்ப்பார்கள். நான் அதை ஒரு நோட்டம் விட்டு மூடிவைத்தவன். அத்தை அந்தக் காகிதத்துக்குள் குடிபுகுந்துவிட்டார்.

"இங்க பாரு, கூடத்துலேருந்து அடுப்படிக்கு வந்துட்டானுங்க. உப்புப் போட்ட மீன் ஒரு பீப்பா. பால் தட்டு ஆறு, அதுல ஒண்ணு விரிசல். விரிசலக்கூட எழுதியிருக்கான், புண்ணியவான். ஆங்... 'பெரிய பித்தளைப் பானை ஒன்று, மூன்று கால், அதில் ஒரு கால் இரும்பு.'"

"அதுக்கென்ன அத்தை?"

"கால் ஒடஞ்சிருக்கு. தூக்கிப் போட மனசில்ல. கொல்லன்கிட்டக் குடுத்து இரும்புக் கால் போட்டிருக்கா. அப்பேர்ப்பட்ட பானைய எந்தப் பொம்பளையும் விடமாட்டா. நான் விடமாட்டேன். சரி, ஹானிபல் பொண்டாட்டி என்ன ஆனா?"

"ஜெனிபர். அதுக்கப்புறம் அவங்களப் பத்தி ஒண்ணும் இல்ல."

"செத்துட்டாளா?"

"அடக்கம் பதிவாகல."

"இருவத்தெட்டு வயசு. கைக்கொழந்தைங்க. நெலம். ஏன் ராசா, ஒனக்குப் பொம்பளைங்களப் பத்தி அந்தக் காலேஜுல ஒண்ணுமே சொல்லித் தரலியா? இன்னொருத்தனக் கட்டியிருப்பா! பேரு மாறியிருக்கும். கட்டிக்கிறவன் மாறினா பொம்பள பேரு மாறும், பானை மாறாது. பானையத் தேடு."

காது சூடானது. செக்விடன் என்ற பெயரின் கீழ் மட்டுமே தேடியிருந்தேன். விதவை மறுமணம் செய்தால் பெயர் மாறும் என்பது எனக்குத் தெரியாததில்லை. எனக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

லான்வெரன் பங்கில் 1750க்கும் 1800க்கும் நடுவில் பெண்கள் எழுதிவைத்த உயில்கள் அறுபத்து மூன்று. கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து வைத்தேன். அத்தையின் படிப்பு முறை வேறு. ஆண்டவர் நாமத்தினாலே என்று தொடங்கும் பகுதியைத் தள்ளுவார், பெயர்களைத் தள்ளுவார், நேரே பாத்திரம் பண்டத்துக்குப் போவார். "இவ கம்பளிய மட்டும் குடுத்திருக்கா, கருமி." "இவ மருமகளுக்கு ஒடஞ்ச நாற்காலிய எழுதிவெச்சிருக்கா, வேணும்னே." நான் எதிரில் உட்கார்ந்து அடுத்த கட்டைப் பிரிப்பேன். வெளியே மழை பெய்யும். எங்கள் இருவர் மேலும் பழைய தோல் ஏடுகளின் வாசனை அடிக்கும். இன்றைக்கு ஏட்டைத் தொடவே வேண்டியதில்லை. எல்லாம் திரையில் வருகிறது. தப்பில்லை. ஆனால் அந்த நாலு வாரத்து மழை எனக்கு இன்னும் அந்த வாசனையோடுதான் நினைவுக்கு வருகிறது.

ஐம்பத்திரண்டாவது உயில். அத்தை மூச்சை இழுத்ததுதான் எனக்குக் கேட்டது.

"காலேஜு. பானை."

ஜெனிபர் ட்ரெம்பாத், விதவை, 1789. கையெழுத்துக்குப் பதில் நடுங்கிய சிலுவைக்குறி. பழைய எழுத்து என்பதால் நான் வாசித்தேன்.

'என் மகள் ஆனருக்கு, ஒரு கால் இரும்பாகிய என் பெரிய பித்தளைப் பானை. இந்தப் பங்கில் ஜாகோ என்று அழைக்கப்படும் என் மகனுக்கு, அவனுடைய சொந்தப் பெயராகிய சகரியா. நாற்பத்து மூன்று ஆண்டுகளாக அதை நான் அவனிடமிருந்து எடுத்து வைத்திருந்தேன். இப்போது அவனுக்கு அது கேடு செய்யாது. தேவன் என்னை மன்னிப்பாராக, அவன் அண்ணன் என்னை மன்னிப்பானாக.'

நான் ஓடிப்போய் ட்ரெனோவர் நிலத்தின் குத்தகைப் பத்திரத்தை எடுத்துவந்தேன். அந்நாளில் எங்கள் பக்கத்து நிலமெல்லாம் மூன்று உயிர்க் குத்தகை. பத்திரத்தில் மூன்று பேரைச் சொல்ல வேண்டும். அவர்களில் கடைசி ஆள் மூச்சு விடும்வரை நிலம் குடும்பத்தோடு இருக்கும், விட்டால் ஜமீனுக்குத் திரும்பிவிடும். 1741இல் எழுதிய பத்திரம் அது. மூன்று உயிர்: ஹானிபல், ஹானிபலின் தம்பி, ஒரு வயது ஜாகோ. சகரியா அப்போது பிறக்கவே இல்லை. 1745க்குள் பெரியவர்கள் இருவரும் போயாயிற்று. மறுவருஷம் அம்மை வந்தபோது நிலம் முழுவதும் ஆறு வயதுப் பையன் ஒருவனுடைய மூச்சில் நின்றது. அந்த மூச்சும் போனது.

"ஜாகோதான் செத்தவன்" என்றார் அத்தை மெதுவாக. "அவனத் தம்பி பேர்ல பொதைச்சிட்டா. தம்பிக்கு அண்ணன் பேர மாட்டிவிட்டுட்டா. இல்லேன்னா ரெண்டு கொழந்தையோட நடுத்தெரு."

"பதிவேடு எழுதின கோயில்பிள்ளைக்குத் தெரிஞ்சிருக்கும். ஊருக்கே தெரிஞ்சிருக்கும்."

"தெரியும். ஜமீன் ஆளு வருசத்துக்கு ஒரு தரம் வர்றவன், அவனுக்குத் தெரியாது. லான்வெரன்காரங்க அவன்கிட்ட வாயத் தொறப்பாங்களா?"

மீதி தானாக வந்து உட்கார்ந்தது. 1784இல் புது உயிர்களைச் சொல்லிக் குத்தகையைப் புதுப்பித்துவிட்டார்கள்; அதற்கப்புறம்தான் தாய்க்கு வாய் திறக்கத் துணிவு. அந்த மகன் தன் பெயரைத் திரும்ப வாங்கிக்கொண்டான். மனைவி இறந்திருந்தாள், மூத்த மகன் பண்ணையைப் பார்த்துக்கொண்டான். அவன் பக்கத்துப் பங்குக்குப் போய்ச் சுரங்கத்தில் சேர்ந்து, 1791இல் சகரியாவாகவே இன்னொரு கல்யாணம் செய்துகொண்டான். கார்பீல்டின் ஜாகோவும் அத்தையின் சகரியாவும் ஒரே ஆள். ஏட்டில் ஜாகோவுக்கு ஞானஸ்நானம் உண்டு, அடக்கம் இல்லை. சுரங்கக் கூலி சகரியாவுக்கு அடக்கம் உண்டு, பிறப்பு இல்லை.

மறுநாளே அத்தை கையோடு அழைத்துவர, கார்பீல்டு செக்விடன் சேற்றுக் காலணியோடு வந்தார். உயிலை நான் வாசிக்க, தொப்பியைக் கழற்றாமல் கேட்டார்.

"சாகப்போற கெழவி ஆயிரம் பெனாத்துவா. எங்க ஜாகோ கடலுக்குப் போயிச் செத்தாரு."

"அதுக்கு எழுத்து இருக்கா மாமா?" என்றேன்.

"கடல்ல எவன்டா எழுதி வெப்பான்? நீ சொல்ற சகரியா கல்யாணத்துக்கு என்ன எழுத்து இருக்கு, அதச் சொல்லு."

கல்யாணப் பதிவின் தட்டச்சு நகலை நீட்டினேன். அதை அவர் தொடக்கூட இல்லை.

"டைப்பு எவன் வேணா அடிப்பான். அசலக் காட்டு."

அசலை நானும் பார்த்ததில்லை. நகல் தெளிவாக இருந்ததால் அதுவே போதும் என்று விட்டிருந்தேன். போல்கரோ பதிவேட்டின் படச்சுருளை மாட்டிச் சுழற்றினேன். 1791 வந்தது. நகலில் 'கைக்குறி' என்று ஒரு சொல் மட்டும் இருந்த இடத்தில், திரையில் ஒரு படம் இருந்தது. எழுதத் தெரியாதவர்கள் சிலுவைதான் போடுவார்கள். இவர் போடவில்லை. கவிழ்த்த அரைவட்டம் ஒன்று, அதன் கீழே இரண்டு கோடு.

கார்பீல்டு திரைக்கு அருகே குனிந்தார். தொப்பியைக் கழற்றினார்.

"இது எங்க ஆட்டுக் குறி."

"என்னது?"

"எங்க பண்ணை ஆட்டு முதுகுல போடுற குறி. போன வாரம்கூட நான் போட்டேன், என் கையால." குரல் இறங்கிவிட்டது. "ஜாகோ கல்யாணத்தப் போடு. லான்வெரன். அறுவத்தேழு."

போட்டேன். அதே அரைவட்டம். அதே இரண்டு கோடு.

"பேர மாத்திக்கிட்டான், பாவி" என்றார் கார்பீல்டு. "குறிய மாத்தலியே."

அத்தை நாற்காலியை அவர் பக்கம் திருப்பினார்.

"ஏன் கார்பீல்டு, உன் பேரனுக்கு ஜாகோன்னுதான பேரு வெச்ச? இப்பச் சொல்லு, பொணத்துப் பேர்க்காரங்க யாரு?"

அந்த மனிதரின் முகம் சிவந்தது. கத்துவார் என்று நினைத்தேன். தொண்டைக்குள் என்னமோ குலுங்கியது. சிரிப்பு என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"நாப்பது வருசம் ஜமீன ஏமாத்தியிருக்கா கெழவி. நல்ல பொம்பள" என்றார். பிறகு, "உங்கக்கா எப்படியிருக்கா?"

"இருக்கா. ரொம்ப நாள் இருக்கமாட்டா."

"மரத்துக்குக் கெழக்கால எடம் நல்லா இருக்கும். வேர் வராது."

அன்று மாலையே நானும் அத்தையும் பென்சான்ஸ் போனோம். கெசாயாவுக்கு மூச்சு வாங்கியது, ஆனால் காது கூர்மை. தங்கை முழுவதையும் சொல்லி முடித்ததும் அவர் தெற்கு மூலையைப் பற்றிக் கேட்கவில்லை.

"பெத்த புள்ளைய நாப்பத்தி மூணு வருசம் வேற பேரு சொல்லியா கூப்பிட்டா? சாப்பிடக் கூப்பிடறப்பகூடவா?"

"வீட்டுக்குள்ள சக்கின்னுதான் கூப்பிட்டிருப்பா."

"நீ கண்டியா?"

"அடுப்படிக்காரி எனக்குத் தெரியாதா?"

கெசாயா கண்ணை மூடிக்கொண்டார். "அப்பாவையும் கொண்டுவர முடியுமாடி?"

"அப்பா அங்கயே இருக்கட்டும் அக்கா. அறுவது வருசமாச்சு, அந்த மாலுமிங்களோட பழகியிருப்பாரு."

பதினோரு நாள் கழித்து அவர் இறந்தார். கார்பீல்டு எந்திரம் கொண்டுவரவில்லை. எழுபது வயதில் மண்வெட்டியோடு வந்து, இரண்டு தரம் உட்கார்ந்து எழுந்து, ஒரு காலை முழுக்க வெட்டினார். ஒத்தாசைக்குப் போன என்னை, "தள்ளு காலேஜு, நான் சொன்ன வார்த்த இது" என்று விரட்டினார். அந்தப் பெயர் அதற்குள் அவர் வரைக்கும் போயிருந்தது. அடக்கத்துக்குப் பிறகு அத்தை எல்லாருக்கும் பேஸ்ட்டி சுட்டு வைத்திருந்தார், மூலையில் அவரவர் எழுத்தோடு.

என் அறிக்கையை நான் திரும்ப எடுத்துக்கொண்டேன். சகரியாவுக்கு எதிரே போட்ட சிலுவையை அழித்து ஜாகோவுக்குப் போட்டேன். கோயில் பதிவேட்டில் கை வைக்க யாருக்கும் உரிமை இல்லை. அந்த ஆறு வயதுப் பையன் அங்கே இன்னும் தம்பியின் பெயரில்தான் இருக்கிறான்.

தெர்சா அத்தைக்கு இப்போது எழுபத்தெட்டு வயது. லான்வெரனில் தபால் நிலையத்துக்கு எதிர்வீட்டில் தனியாக இருக்கிறார். இடது கண்ணில் புரை விழுந்திருப்பதால் பஸ் பயணம் இல்லை. மாதத்துக்கு ஒருமுறை நான்தான் போகிறேன். தெற்கு மூலையில் கெசாயாவுக்குப் பக்கத்து இடம் அவருக்கு. அவசரமில்லை என்கிறார்.